லேபிளில் ஒரே பெயர், மண்ணில் பல ரகம்: வேர் உட்பூசணம் எதை வாங்குவது?

கேள்வி: எனக்கு இரண்டு வயல்கள் இருக்கின்றன. மேட்டு வயலில் பல வருடமாக மக்காச்சோளம், தட்டைப்பயறு, வெங்காயம், மிளகாய் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். வரப்பில் மரங்களும் உண்டு. பள்ளத்து வயலில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர்தான் திரும்பத் திரும்ப. கோடையில் நன்றாக உழுது வெறுமனே போட்டுவிடுவேன். இந்த முறை இரண்டிலும் மிளகாய் நட்டேன். நாற்றங்காலில் பாதிக்கு வேர் உட்பூசணம் (வேம்) இட்டேன், பாதிக்கு இடவில்லை. பள்ளத்து வயலில் இட்ட நாற்று தேறி நிற்கிறது, இடாதது குன்றிப்போய்விட்டது. மேட்டு வயலில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நல்ல மண்ணில் ஏன் வேலை செய்யவில்லை? நான் வாங்கிய பாக்கெட்டில் ஒரே ஒரு பூசணத்தின் பெயர்தான் இருந்தது. இன்னொரு பாக்கெட்டில் ஏழு வகை என்று போட்டிருக்கிறது. அதை வாங்கட்டுமா? இந்தப் பூசணத்தில் இத்தனை வகை இருப்பதால் பயிருக்கு உண்மையில் என்ன லாபம்?

பதில்: மேட்டு வயலில் பாக்கெட் தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடாத நாற்றும் இட்டதற்குச் சமமாகச் செழித்து நிற்கிறது என்றால், அந்த மண்ணிலேயே போதுமான பூசணம் உயிரோடு இருக்கிறது, நட்ட சில வாரங்களில் அது வேருக்குள் போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பள்ளத்து வயலில் மண்ணின் சொந்தப் பூசணம் மெலிந்து கிடக்கிறது. அதனால் வெளியிலிருந்து வந்தது பளிச்சென்று தெரிந்தது. மேட்டு வயலுக்கு இனி வாங்காதீர்கள். ஏழு வகை பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். வகை என்றால் என்ன என்று தெரிந்தால்தான் அந்த லேபிளைப் படிக்கவே முடியும்.

முதலில் இந்தப் பூசணம் செய்யும் வேலை. தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு ஓடி வேரிடம் வந்துவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அப்படி நகராது, மண்துகளில் ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருந்ததை எடுத்து முடித்துவிட்டால் வேருக்கு அடுத்த கவளம் கிடையாது. வேர்த்தூவியைவிட மெல்லிய பூசண இழைகள் அந்த வெறும் வட்டத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டு வருகின்றன. பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது, கொழுப்பும் கொடுக்கிறது. கொழுப்பு கொடுக்கும் சங்கதி 2017இல்தான் உறுதியாகத் தெரிய வந்தது. கொழுப்பு அமிலத்தை அடியிலிருந்து தானே தயாரித்துக்கொள்ளும் வசதி இந்தப் பூசணத்துக்கு இல்லை, செடி தந்தால்தான் உண்டு. நோயை அடக்க விற்கும் டிரைக்கோடெர்மா என்ற பூசணத்தைப் பெருக்குவது போல இதைத் தொட்டியில் தனியாகப் பெருக்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உயிருள்ள வேர் இல்லாத மண்ணில் இது பட்டினி கிடக்கும். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்து வயலின் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

இந்தக் கூட்டு நேற்று வந்ததல்ல. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய செடிப் புதைபடிவங்களில், இன்று உங்கள் மிளகாய் வேரில் இருப்பது போன்ற அதே பூசண அமைப்பு இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு வேர் என்று ஒன்று உருவாகியிருக்கவே இல்லை, ஆனால் பூசணம் இருந்தது! இன்றைக்கு நிலத்துச் செடி வகைகளில் சுமார் எழுபது சதவீதத்துக்கு மேல் இந்தக் கூட்டில் இருக்கின்றன. சேராத சில குடும்பங்களில் முதன்மையானது கடுகுக் குடும்பம்: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் அதில்தான். பீட்ரூட், பாலக், தண்டுக்கீரைக் குடும்பமும் பொதுவாகச் சேருவதில்லை.

சரி, வகைக்கு வருவோம். மரங்களைப் பொறுத்தவரை பைன், ஓக் போன்றவற்றின் வேருக்கு வெளியே உறை போலப் படரும் பூசணங்கள் தனிக் கூட்டம். அவை ஆயிரக்கணக்கான இனங்கள், காளானாக மேலே வருபவை. ஆர்க்கிட் செடிகளுக்கு இன்னொரு கூட்டம். அதன் விதையில் சேமிப்பு உணவு ஏறக்குறைய இல்லாததால் பூசணம் ஊட்டாமல் காட்டில் முளைக்காது. நமக்கு வேண்டியது வேர்ச் செல்லுக்குள் நுழையும் கூட்டம், அதாவது நீங்கள் வேம் என்று வாங்குவது. இதில் பெயர் வைத்து விவரிக்கப்பட்ட இனங்கள் சில நூறுதான். இத்தனை லட்சம் செடி வகைகளுக்கு இவ்வளவு குறைவான பூசணமா என்று தோன்றும். அதைவிட வியப்பு, 2015இல் உலகம் முழுவதும் வேர் மாதிரிகளை எடுத்து டிஎன்ஏ பார்த்தபோது, இனங்களில் 93 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்ட கண்டங்களில் இருந்தன. அதாவது உங்கள் வயலில் இருக்கும் பெயர்கள் கடல் தாண்டியும் இருக்கின்றன.

அப்படியானால் எங்கிருந்து வாங்கினாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மிளகாய் என்ற ஒரே பெயரில் எத்தனை ரகம் இருக்கிறது, எந்த ரகம் என்று கேட்காமல் நீங்கள் விதை வாங்குவீர்களா? பூசணத்திலும் ஒரே இனத்துக்குள் ரகங்கள் உண்டு, அந்த ரகங்களுக்குள் வித்தியாசம் சாதாரணமானது அல்ல. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் இயன் சாண்டர்ஸ் குழுவினர் ஒரே ஒரு வயலிலிருந்து ஒரே இனப் பூசணத்தைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், பக்கத்துப் பக்கத்தில் எடுத்தவைகூட மரபணுவில் கணிசமாக வேறுபட்டிருந்தன. அடுத்து 2006இல், அந்த வித்தியாசம் செடியின் வளர்ச்சியிலும் வெளிப்படுகிறது என்று காட்டினார்கள். சில ரகம் செடியைத் தூக்கிவிட்டது, சிலவற்றால் பெரிய பலன் இல்லை. பிறகு ஒவ்வொரு ரகத்தின் மரபணுத் தொகுதியையும் முழுதாகப் படித்தபோது, ஒன்றில் இருக்கும் மரபணுக்கள் பல இன்னொன்றில் அடியோடு இல்லாததும் தெரிந்தது.

இதன் உடம்பே விசித்திரமானது. செடி, விலங்கு போன்ற மற்ற உயிர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு உட்கருவுள்ள ஒற்றைச் செல்லாக ஏதோ ஒரு கட்டத்தில் தொடங்கும். இந்தப் பூசணத்தின் ஒரே வித்துக்குள் (விதை போல முளைக்கும் நுண்ணிய உருண்டை) நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். இழைகளில் குறுக்குச் சுவர் பெரும்பாலும் இல்லாததால் உட்கருக்கள் குழாய்த் தண்ணீரில் தூசி போல ஓடிக்கொண்டே இருக்கும். சில ரகங்களில் எல்லா உட்கருவும் ஒரே மாதிரி; சிலவற்றில் இரண்டு விதமான உட்கருக்கள் சேர்ந்து வாழ்கின்றன, அவற்றின் விகிதம் எந்தப் பயிரின் வேரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட மாறுகிறது. இரண்டு இழைகள் மண்ணுக்குள் சந்தித்தால், ஒத்துப்போகும் ரகமாக இருந்தால் ஒட்டி இணைந்து உட்கருக்களைப் பரிமாறிக்கொள்ளவும் செய்யும். 2010இல் அதே லோசான் குழு, ஒரு தாய்ப் பூசணத்தின் தனித்தனி வித்துகளிலிருந்து வளர்த்த வாரிசுகளை நெல்லில் இட்டுப் பார்த்தது. வாரிசுக்கு வாரிசு நெல்லின் வளர்ச்சி மாறியது, சிலவற்றில் ஐந்து மடங்கு வரை. அது தொட்டிச் சோதனை, வயலில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கொலம்பியாவில் விவசாயிகளின் மரவள்ளி வயல்களில் செய்த சோதனைகளிலும் பூசணம் இட்டதால் கிழங்கு மகசூல் கூடியது. ஒரே இனத்தின் வெவ்வேறு ரகம் மரவள்ளியில் வெவ்வேறு பலனைத் தந்ததும் தெரிந்தது.

ரகத்தோடு இடமும் சேர்கிறது. அமெரிக்கப் புல்வெளிகளில் செய்த ஒரு ஆய்வு 2010இல் வந்தது. புல், மண், பூசணம் மூன்றையும் ஊர் மாற்றி ஊர் மாற்றிக் கலந்து வளர்த்தார்கள். மணிச்சத்து குறைந்த மண்ணில், அந்த மண்ணின் சொந்தப் பூசணமே அந்த ஊர்ப் புல்லுக்கு அதிகம் உதவியது. உங்கள் மேட்டு வயலின் பூசணம் சொத்து என்று நான் நினைப்பது இதனால்தான். அது உங்கள் மண்ணின் கார அமிலத் தன்மை, உங்கள் வறட்சி, உங்கள் பயிர் வரிசை எல்லாவற்றையும் பல வருடம் தாக்குப்பிடித்து நிற்கும் கூட்டம். பாக்கெட்டில் வருவது, நல்ல தரமானதாகவே இருந்தாலும், பெருக்குவதற்கு எளிதாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ரகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பல வகை சேர்ந்து இருந்தால் என்ன லாபம் என்று கேட்டீர்கள். எல்லாப் பூசணமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. குளோமஸ் குடும்பத்தவை வேருக்குள் நிறையப் படரும், மண்ணுக்குள் குறைவாகப் போகும். வேரைத் தாக்கும் நோய்ப் பூசணத்துக்கு இடம் விடாமல் தடுப்பதில் இவை கெட்டி. ஜிகாஸ்போரா குடும்பத்தவை நேர்மாறு, மண்ணுக்குள் நீண்ட இழை விடும், மணிச்சத்து தேடுவதில் கெட்டி. 2007இல் கனடாவில் செய்த சோதனையில், ஒரே குடும்பத்துப் பூசணங்களை மட்டும் சேர்த்து இட்டபோது ஒன்றையொன்று நெருக்கிப் பல காணாமல் போயின. வேறு வேறு குடும்பத்தவற்றைச் சேர்த்தபோது அதிக இனங்கள் நிலைத்தன, செடியின் விளைச்சலும் கூடுதலாக இருந்தது. ஆக, எண்ணிக்கையைவிடக் குடும்பக் கலவை முக்கியம்.

வயலைத் தாண்டி வெளியே பார்த்தால் இது இன்னும் பெரிதாகத் தெரியும். 1998இல் வான் டெர் ஹைடன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பெட்டிகளில் ஒரு சின்னப் புல்வெளியையே உருவாக்கி, பூசண இனங்களை ஒன்று முதல் பதினான்கு வரை கூட்டிக்கொண்டே போனார்கள். பூசணம் கூடக் கூட அதில் நிலைத்த செடி வகைகளும் கூடின, மொத்த விளைச்சலும் கூடியது, மண்ணில் எடுக்கப்படாமல் மீந்து கிடந்த மணிச்சத்து குறைந்தது. ஒவ்வொரு செடிக்கும் ஒத்துப்போகும் பூசணம் வேறு. ஒன்றிரண்டு பூசணமே இருந்தால் அவற்றுக்குப் பிடித்த செடிகள் மட்டும் ஓங்கி மற்றவை ஒடுங்கிவிடும். இழைகள் மண்துகள்களைக் கட்டிப் பிடிப்பதால் மழையில் மேல்மண் கரைவது குறையும் என்பதும் இதோடு சேர்ந்த லாபம். இத்தனை இருந்தும் பூசணத்துக்கென்று காப்பு பெரிதாக இல்லை. 2025இல் வெளியான உலக வரைபட ஆய்வின்படி, வேர்ப் பூசண வகைகள் மிகுந்த இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியேதான் இருக்கிறது. அதில் உழவு நிலங்களும் வரும்.

இப்போது பள்ளத்து வயல். முட்டைக்கோஸ் பூசணத்துக்குச் சாப்பாடு போடாது. அதன் வேரிலிருந்து கசியும் கடுகு நெடிப் பொருட்கள் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். அதன் பின் கோடையில் வெறும் நிலம், அப்போதும் சாப்பாடு இல்லை. நடுவில் உழவு. இழை வலையை உழவு அறுத்துப் போடும்போது, துண்டு இழையிலிருந்தும் வேர்த்துண்டிலிருந்தும் மறுபடி தலையெடுக்கக் கூடிய குளோமஸ் வகை சில தப்பிக்கும். பெரும்பாலும் வித்தை நம்பியே பெருகும் ஜிகாஸ்போரா வகை அடிபட்டுப்போகும். இங்கிலாந்தில் 1998இல் காட்டு மண்ணையும் பக்கத்து உழவு நிலங்களையும் ஒப்பிட்டபோது, காட்டில் பல வகையும், உழவு நிலத்தில் ஏறக்குறைய ஒரே வகையுமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் நீண்ட நாள் களையில்லாமல் தரிசாகப் போட்ட நிலத்தில் அடுத்த பயிர் மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாதது போலக் குன்றும் சிக்கலுக்கு ‘நீண்ட தரிசுக் கோளாறு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1987இல் அதற்குக் காரணம் இந்தப் பூசணம் அழிந்ததுதான் என்று தெரிந்தது. உங்கள் இடாத நாற்றின் கதையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் உரக் கணக்கு எழுதவில்லை. ஆனால் பள்ளத்து வயலில் பூசணம் பலன் காட்டியதைப் பார்த்தால் அங்கே மணிச்சத்து மிதமிஞ்சி இல்லை என்று ஊகிக்கலாம். மேட்டு வயலை மட்டும் ஒருமுறை மண் பரிசோதனை செய்துவிடுங்கள். மணிச்சத்து கொட்டிக் கிடந்தாலும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அப்போது செடியே பூசணத்தை அதிகம் உள்ளே விடாது. இரண்டில் எது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், இடாத செடி ஒன்றின் நுனி வேர்களை எடுத்துக்கொண்டு ஆய்வகம் உள்ள வேளாண் கல்லூரிக்குப் போங்கள். வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்து வெளுத்து, வினிகரில் கலந்த பேனா மையில் நிறமேற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். வேர்ச் செல்லுக்குள் குட்டி மரம் கிளை விட்டது போல நீலமாகத் தெரிந்தால் பூசணம் வேலையில் இருக்கிறது. சத்துப் பரிமாற்றம் அந்தக் கிளைகளில்தான். ஒவ்வொன்றும் சில நாள்தான் இருக்கும், பிறகு செடி அதைக் கரைத்துவிடும், புதிது முளைக்கும்.

வீட்டிலேயே தோராயமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. வேர்ப் பகுதி மண் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். அரை நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேல் தண்ணீரை முதலில் சாதாரண வடிகட்டியிலும், பிறகு 50 மைக்ரான் அளவு சல்லடையிலும் ஊற்றுங்கள். சல்லடையில் தங்கியதை வெள்ளைத் தட்டில் கழுவிவிட்டு 20 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். பால் வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று உருண்டைகள் தெரியும்; ஜிகாஸ்போரா குடும்பத்து வித்தை வெறுங்கண்ணிலேயே புள்ளியாகப் பார்க்கலாம். மணலா வித்தா என்று சந்தேகம் வந்தால் ஊசி முனையால் அழுத்துங்கள், வித்து என்றால் உடைந்து எண்ணெய்த் துளி வெளியே வரும். இரண்டு வயல் மண்ணையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நிறமும் அளவும் எத்தனை விதம் என்பதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். செத்த வித்தும் அதில் இருக்கும், ரகத்தைக் கண்ணால் பிரிக்கவும் முடியாது; அதற்கு டிஎன்ஏ பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேட்டு வயல் பூசணத்தைப் பெருக்கிப் பள்ளத்து வயலுக்குக் கொண்டுபோவேன். வரப்பு மரத்தடி, உழாத ஓரம், மிளகாய் அல்லாத பயிர் நன்றாக வந்த இடத்தின் வேர்ப் பகுதி என்று நாலைந்து இடத்திலிருந்து மண்ணையும் பொடி வேரையும் எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் ரகம் குறுகிவிடும். பைகளில் மணலும் வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடிக்கும் லேசான கனிமத் துகள்) கொஞ்சம் மட்கிய உரமும் நிரப்பி, நடுவில் இந்த மண்ணை இட்டு, மக்காச்சோளமோ சோளமோ விதைத்து மூன்று நான்கு மாதம் வளருங்கள். சில பைகளில் வெங்காயம் போடலாம். பயிர் மாறினால் தங்கும் பூசணமும் கொஞ்சம் மாறும். மணிச்சத்து உரம் வேண்டாம். கடைசியில் தண்ணீரை நிறுத்திச் செடி காய்ந்ததும், வேரைப் பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்தால் அதுதான் உங்கள் வேம். அமெரிக்காவின் ரோடேல் என்ற இயற்கை வேளாண் ஆய்வு நிறுவனத்தில் இதே அடிப்படையில், பஹியா புல்லை வைத்துப் பல வருடம் செய்து பார்த்திருக்கிறார்கள், நன்றாகவே வருகிறது. ஒரே எச்சரிக்கை: மிளகாய், தக்காளி, கத்தரி, உருளை போட்ட இடத்து மண்ணை மிளகாய்க்காக எடுக்காதீர்கள், வாடல் நோயும் நூற்புழுவும் கூடவே வந்துவிடும். எடுக்கும்போதே வேரில் முடிச்சு இருக்கிறதா பாருங்கள். பயறு வகை வேரின் முடிச்சு விரலால் தேய்த்தால் உதிரும், நூற்புழு முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருக்கும்.

பள்ளத்து வயலில் முட்டைக்கோஸை விடச் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த பயிருக்கும் நடுவில் சோளம், தட்டைப்பயறு, சணப்பு என்று ஏதாவது ஒன்று பச்சையாக நிற்கட்டும். கோடையில் களை கொஞ்சம் முளைத்தால் உடனே துடைத்து எடுக்கவும் வேண்டாம், விதை கட்டுவதற்குள் அறுத்து மூடாக்காகப் போட்டால் போதும். கார்பன்டசிம் போன்ற பூசணக்கொல்லிகளை வேரில் ஊற்றுவது இந்தப் பூசணத்தையும் பாதிக்கும். இலையில் தெளிப்பதால் அவ்வளவு கெடுதல் இல்லை.

ஏழு வகை பாக்கெட். பெயர்களைப் படித்துப் பாருங்கள். பைசோலித்தஸ், ரைசோபோகான் என்று இருந்தால் அவை பைன், யூகலிப்டஸ் போன்ற மரங்களுக்கானவை, மிளகாய்க்கு ஒரு பிரயோசனமும் இல்லை. டிரைக்கோடெர்மா நல்லதுதான், ஆனால் அது வேறு கணக்கு. குளோமஸ் மோசியே, ஃபனெலிஃபார்மிஸ் மோசியே இரண்டும் ஒரே பூசணத்தின் பழைய பெயரும் புதிய பெயரும். இப்படிக் கழித்த பிறகு எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள். அதைவிட, கிராமுக்கு எத்தனை உயிருள்ள வித்து, எப்போது தயாரித்தது, வெயிலில் கிடந்ததா என்பதைக் கேளுங்கள். பல நாடுகளில் கடைப் பாக்கெட்டுகளைச் சோதித்தபோது உயிருள்ள பூசணமே இல்லாதவை நிறைய இருந்தன. அப்படிப் பார்த்தால், பலன் காட்டிவிட்ட உங்கள் ஒரே இனப் பாக்கெட்டை, சொந்தமாகப் பெருக்கியது கைக்கு வரும் வரை, பள்ளத்து வயலின் நாற்றங்காலுக்கு மட்டும் தொடரலாம். காட்டோரம், மேய்ச்சல் நிலம் மாதிரி இடங்களில் வெளிப் பூசணத்தைத் தூவாதீர்கள். மரக்கன்று வேரோடு ஐரோப்பாவிலிருந்து போன அமானிட்டா ஃபலாய்டஸ் என்ற கொடிய நச்சுக் காளான் இன்று கலிஃபோர்னியா ஓக் காடுகளில் பரவி நிற்கிறது.

அடுத்த நாற்றங்காலை மூன்றாகப் பிரியுங்கள்: பாக்கெட், சொந்தமாகப் பெருக்கியது, எதுவும் இடாதது. மூன்றையும் பள்ளத்து வயலில் ஒரே பாத்தியில் வைக்காமல், மாற்றி மாற்றி நான்கைந்து இடத்தில் நடுங்கள். நட்ட முப்பதாம் நாள் வாக்கில் ஒவ்வொன்றிலும் சில செடியைப் பிடுங்கி வேரையும் உயரத்தையும் ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். முட்டைக்கோஸ் முடிந்து எத்தனை நாள் நிலம் வெறுமையாக இருந்தது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.